ஜீவனாம்ச மனுவை இன்றே போடுங்கள், போலீஸ் புகாரை நிதானமாக எழுதுங்கள்

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. நான்கு பக்கம். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி அரியாங்குப்பம். அங்கே ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். 38 ஆயிரம் சம்பளம் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். இப்போது 15 ஆயிரம்தான் வருகிறது என்கிறார். 2023 தீபாவளிக்கு, பைக் வாங்க அப்பாவிடம் பணம் வாங்கி வரவில்லை என்று அடித்தார். 2024 ஆவணியில் மறுபடி அடித்து, ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையோடு வெளியே அனுப்பினார். அன்றைக்கு வந்தவள்தான், 14 மாதமாக அப்பா வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என் 22 பவுன் நகை மாமியார் பீரோவில் இருக்கிறது. தையல் வேலையில் மாதம் ஆறாயிரம் வரும். இப்போது புதுச்சேரி கோர்ட்டிலிருந்து விவாகரத்து சம்மன் வந்திருக்கிறது. நான் அவரைக் கைவிட்டுப் போய்விட்டேனாம், கொடுமைப்படுத்தினேனாம். 'நாம போகலன்னா கேஸ் நடக்காது' என்று அப்பா அதை பீரோவில் வைத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் மூன்று லட்சம் பேசி, முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள் என்கிறார்கள். சித்தப்பாவோ, 'முதல்ல மகளிர் ஸ்டேஷன்ல வரதட்சணை கேஸ் குடு. மாமனார், மாமியார், காரைக்கால்ல இருக்கிற நாத்தனார் எல்லாரையும் சேரு. நாலு பேரை உள்ள தள்ளினா பணம் தானா வரும்' என்கிறார். எது சரி? எனக்குத் தையல் வருமானம் இருப்பதால் ஜீவனாம்சம் கிடைக்காதா?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பீரோவில் இருக்கிற அந்த உறையை வெளியே எடுங்கள். உங்கள் அப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தப்பு. நீங்கள் போகாவிட்டாலும் கேஸ் நடக்கும், இன்னும் வேகமாகவே நடக்கும். வாய்தா அன்றைக்கு டவாலி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சம் என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் உங்கள் கணவர் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சி, மறுத்துக் கேட்க ஆள் கிடையாது. நீங்கள் கொடுமைக்காரி என்று ஒரு தீர்ப்பு உங்களுக்குத் தெரியாமலே வந்துவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம், 30 நாள் கெடு உண்டு. ஆனால் சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு வராமல் இருந்தவர்களைப் பார்த்து கோர்ட் அவ்வளவாக இரக்கப்படாது. சம்மனை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் இதே கதைதான்.

பிரித்துப் படித்தால் உங்களுக்கே கொஞ்சம் தெம்பு வரும். உங்களை "கைவிட்டுப் போனவள்" என்று சொல்லி விவாகரத்து கேட்க வேண்டுமானால், இந்து திருமணச் சட்டப்படி, மனு போடும் தேதிக்கு முன்னால் தொடர்ந்து இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். நீங்கள் வீட்டைவிட்டு வந்தே 14 மாதம்தான் ஆகிறது. அந்தக் காரணம் மனுவில் நிற்காது. அதுவும் போக, ராத்திரி பத்து மணிக்கு வெளியே அனுப்பப்பட்டவரைக் கைவிட்டுப் போனவர் என்று சட்டம் சொல்வதில்லை, அனுப்பியவர்தான் கைவிட்டவர். மிச்சம் இருப்பது கொடுமை என்கிற காரணம். அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வக்கீலை வைத்து, வக்காலத்து போட்டு, பதில் மனு தாக்கல் செய்தால் போதும், இந்த வழக்கு உங்களை மிரட்டுகிற வழக்காக இருக்காது.

சரி, இப்போது சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மூன்று சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் நிற்பதா முறிவதா என்பது ஒன்று. நீங்களும் குழந்தையும் சாப்பிடுவதற்கான பணம் ஒன்று. அவர் அடித்தது ஒன்று. மூன்றுக்கும் மனு வேறு, கேட்கிற கேள்வியும் வேறு. அடித்த வழக்கைக் காட்டிப் பணத்தை வாங்கலாம் என்பது முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த கணக்கு. அன்றைக்கும் அது பாதி நேரம் பலிக்கவில்லை.

பணத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் ஒவ்வொரு மாதமும் நஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. ஜீவனாம்ச உத்தரவு எத்தனை மாதம் கழித்து வந்தாலும், மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும். கணவன் வீட்டைவிட்டு வந்த தேதியிலிருந்து என்று சொல்லவில்லை, மனு போட்ட தேதியிலிருந்து. அப்படியானால் போன 14 மாதம் போனதுதான். ஊர்ப் பெரியவர்கள் அடுத்த அமாவாசைக்கு மறுபடி பேசலாம் என்று தள்ளிவைக்கிற ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி போகும். பேச்சுவார்த்தை பாட்டுக்கு நடக்கட்டும், மனு அதுபாட்டுக்குக் கோர்ட்டில் இருக்கட்டும். மனு போட்டதால் பேச்சு முறிந்துவிடாது. பெரும்பாலும் அதற்கப்புறம்தான் எதிர்த்தரப்பு ஒழுங்காகப் பேசவே வருகிறது.

ஜீவனாம்சத்துக்கு 125 என்று எல்லோரும் சொல்கிற பழைய பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 144 ஆகிவிட்டது. 144 என்றதும் நம் ஊரில் கூட்டம் கூடாதே என்கிற தடை உத்தரவுதான் ஞாபகம் வரும். அது இப்போது 163-க்குப் போய்விட்டது. எண் மாறியதே தவிர உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். மனைவி, குழந்தை, வயதான பெற்றோர் மூவரும் கேட்கலாம். நீங்கள் ஒரு மனுவில் உங்களுக்கும் மகளுக்கும் தனித்தனியாகத் தொகை கேளுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். அந்த இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 60 நாளில் முடிகிறதா என்று கேட்காதீர்கள், முடிவதில்லை. ஆனால் கேட்டு வைத்தால்தான் நீதிபதியிடம் ஞாபகப்படுத்த முடியும்.

இந்த மனுவைப் போட நீங்கள் புதுச்சேரிக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் இப்போது குடியிருக்கிற இடத்திலேயே போடலாம். உங்கள் ஊர் குடும்ப நல நீதிமன்ற எல்லையில் வருகிறதா, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போட வேண்டுமா என்பதை உங்கள் வக்கீல் பார்த்துச் சொல்வார். புதுச்சேரி விவாகரத்து வழக்குக்குள்ளேயும், இந்து திருமணச் சட்டம் 24-ன்படி, செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்க வழி இருக்கிறது. இரண்டிலும் கேட்டால் ஒன்றை இன்னொன்றில் மறைக்காதீர்கள். ஒன்றில் கிடைப்பதை மற்றதில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

தையல் வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறாயிரம் சம்பாதிப்பது ஜீவனாம்சத்தைத் தடுக்காது. அது உங்கள் இருவரின் வாழ்க்கைக்குப் போதுமா, கணவர் வீட்டில் எந்த அளவில் வாழ்ந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஆனால் தயவு செய்து அதை மறைக்காதீர்கள். இப்போது இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் அதே 2020 தீர்ப்பு கொண்டுவந்ததுதான். நீங்கள் "வருமானம் இல்லை" என்று எழுதுவீர்கள். நீங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட ஆரி வேலை பிளவுஸ் படம், கீழே "ஆர்டர் எடுக்கப்படும்" என்ற வரியோடு, வண்ணப் பிரிண்ட் அவுட்டாக எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையைக்கூட நம்ப மாட்டார்கள். மாதம் ஆறாயிரம், நூல், லைனிங் செலவு போக இவ்வளவு என்று எழுதுங்கள். அது உங்களுக்கு பலம்தான்.

பொய் சொல்கிற வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். 15 ஆயிரம்தான் சம்பளம் என்றால், மாதம் 21 ஆயிரம் வரை வாங்குகிறவர்களுக்குள்ள இ.எஸ்.ஐ. கார்டு அவரிடம் இருந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தபோது எந்தக் கார்டைக் காட்டினீர்கள்? கம்பெனி தனியாக எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் என்றால், அவர் சம்பளம் அந்த உச்சவரம்பைத் தாண்டியது என்று கேட்க இடம் கிடைக்கிறது. பைக் கடனுக்கு விண்ணப்பித்தபோது வருமானம் என்ன என்று எழுதிக் கொடுத்திருப்பார்? பி.எஃப். பிடித்தம் எவ்வளவு? சம்பளம் வருகிற வங்கிக் கணக்கு எது? இவற்றையெல்லாம் கம்பெனியிடமும் வங்கியிடமும் வரவழைக்கச் சொல்லி கோர்ட்டில் மனு போடலாம். பழைய சம்பளச் சீட்டு ஒன்று போனில் படமாக இருந்தால் பொக்கிஷம். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். சம்பளத்தில் கால் பங்கு என்று வெளியே பேசிக்கொள்வார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்றது உண்மை, ஆனால் அது எல்லா வழக்குக்குமான அளவுகோல் இல்லை. கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

உத்தரவு வாங்கியும் தராவிட்டால்? பாக்கி வைக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. ஒரே எச்சரிக்கை, பாக்கி விழுந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். இரண்டு வருஷம் பொறுத்திருந்து மொத்தமாகக் கேட்கலாம் என்று உட்கார்ந்துவிட்டால் பழைய மாதங்கள் இந்த வழியில் கைவிட்டுப் போகும்.

அந்த மூன்று லட்சத்தைக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். மகளுக்கு நாலு வயது. 18 ஆகும்வரை 14 வருஷம், 168 மாதம். மூன்று லட்சத்தை 168-ஆல் வகுத்தால் மாதம் 1,786 ரூபாய், இரண்டு பேருக்கு. இதில் நகையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள், அநேகமாக அந்தத் தாளில் "இனி எந்த பாத்தியமும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். 22 பவுன் அந்த ஒரு வரிக்குள் போய்விடும்.

முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடாது. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்து விடுவது உண்டு, சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு. உங்களுக்கு அந்தத் தாளால் விடுதலை கிடைக்காது. ஆனால் பின்னால் ஜீவனாம்சம் கேட்டுப் போகும்போது, "எல்லாம் வாங்கிக்கொண்டாள், கையெழுத்து பாருங்கள்" என்று அவர் நீட்டுவதற்கு அது நன்றாகவே உதவும். குழந்தையின் பங்கை மட்டும் யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. உங்களாலும் முடியாது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்பாவிடம் கேட்கிற உரிமை இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் இருக்கிறது.

பரஸ்பரம் பிரிவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எங்குமே "சேர்ந்து வாழ ஆசை" என்ற வார்த்தை இல்லை என்பதை கவனித்தேன். பிரிவதானால் கோர்ட்டில் பிரியுங்கள். ஓராண்டு பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனு போடலாம், அது உங்களுக்கு முடிந்துவிட்டது. அப்புறம் ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை இருவரும் வந்து உறுதி சொல்ல வேண்டும். தக்க காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், குழந்தை பெயரில் எவ்வளவு டெபாசிட், எந்த நகை, குழந்தையை அப்பா எப்போது வந்து பார்ப்பார், எல்லாவற்றையும் மனுவுக்குள்ளேயே எழுத வேண்டும். பணம் டிடியாக நீதிபதி முன்னால் கைமாற வேண்டும். "கையெழுத்து போடுங்க, வெளியில வந்து தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கப்புறமும் குழந்தையின் நலன்தான் கணக்கு.

இனி அந்தப் புகார்.

நான் வக்கீலான மூன்றாவது வருஷம், உங்களைப் போலவே ஒரு பெண் வந்தாள். கணவன் அடித்தது உண்மை, அவள் தோளில் தழும்பை நானே பார்த்தேன். அவளுடைய மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நாத்தனாரையும் எழுதுங்கம்மா, அவதான் தூண்டி விட்டவ" என்றார். நானும் எழுதினேன். "நாத்தனார் முடியைப் பிடித்து இழுத்தார்" என்று ஒரு வரி. வழக்கு விசாரணைக்கு வந்து குறுக்கு விசாரணை நடந்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் ஒரு தாளை நீட்டினார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. நான் எழுதிய அந்தத் தேதியில் நாத்தனார் பிரசவமாகி வார்டில் படுத்திருந்தாள். கூண்டில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தாளுக்கு அப்புறம் தோள் தழும்பைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் விடுதலை, அடித்தவன் உட்பட. அந்தத் தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. அன்றிலிருந்து, புகார் எழுதும்போது மாமாவையும் சித்தப்பாவையும் வெளியே உட்கார வைத்துவிடுகிறேன்.

சித்தப்பா கணக்கில் உள்ள ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தினால் வருகிற பழைய பிரிவு 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 85, அதிகபட்சம் மூன்றாண்டு தண்டனை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நாலு பேரை உள்ளே தள்ளுவது நடக்கப்போவதில்லை. அவர்கள் நோட்டீஸை வாங்கிக்கொண்டு முன்ஜாமீன் வக்கீலிடம் போவார்கள், உங்களுக்கு வரவேண்டிய பணம் அந்த வக்கீலுக்குப் போகும். குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் சொந்தக்காரர்களை மொத்தமாகச் சேர்த்த வழக்குகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தொடர்ந்து ரத்து செய்துகொண்டிருக்கின்றன. காரைக்காலில் இருக்கிற நாத்தனார் போனில் ஸ்பீக்கர் போட்டுத் திட்டினார் என்பதற்காக அவரை வரதட்சணை வழக்கில் சேர்த்தால் அந்தப் பட்டியலில் உங்கள் வழக்கும் சேரும்.

"அப்புறம் வாபஸ் வாங்கிக்கலாம்" என்பதும் நடக்காது. எஃப்.ஐ.ஆர். போட்டபின் அது அரசு நடத்துகிற வழக்கு. நீங்கள் இருவரும் சமாதானமானாலும் கீழ்க்கோர்ட்டில் நீங்களாக முடித்துக்கொள்ள முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டுத்தான் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பொய்யான கிரிமினல் புகார் கொடுப்பது கணவனுக்குச் செய்யும் மனக்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கணவரின் விவாகரத்து மனுவில் கொடுமைக்கு இப்போது பெரிதாக ஆதாரம் இருக்காது. நாத்தனாரைச் சேர்த்து எழுதினால் அந்த ஆதாரத்தை நீங்களே தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகும்.

அதற்காகப் புகாரே கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களை இரண்டு தடவை அடித்திருக்கிறார், ஒரு தடவை பணம் கேட்டு. இது குற்றம். தண்டனை கிடைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்காகப் புகார் கொடுங்கள். பணத்துக்காகக் கொடுக்காதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். 2023 தீபாவளி, எந்த அறை, எதனால் அடித்தார், என்ன வார்த்தை சொன்னார், யார் இருந்தார்கள். ஆவணி ராத்திரி வெளியே வந்து யாருக்குப் போன் செய்தீர்கள்? அப்பாவுக்கு என்றால் அந்த அழைப்பு நேரம் ஒரு சாட்சி. எந்த ஆட்டோவில் எதுவரை வந்தீர்கள்? கடலூர் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்? மறுநாள் முதுகில் ஒத்தடம் கொடுத்தது அம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவா? அந்த அக்கா ஒரு சாட்சி. ஆஸ்பத்திரிக்குப் போகாதது குறைதான், ஆனால் அதோடு வழக்கு செத்துவிடாது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். வருஷக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள், இந்தக் குற்றத்துக்கு மூன்றாண்டு காலவரம்பு என்று ஒன்று இருக்கிறது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். முதல் அடி 2024 ஜூலை 1-க்கு முன்னால், அதற்குப் பழைய 498ஏ. இரண்டாவது அதற்குப் பின்னால், அதற்குப் புதிய 85. ஸ்டேஷனில் எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "சம்பவம் நடந்தது புதுச்சேரி, அங்கே போங்க" என்று சொன்னாலும் அசையாதீர்கள். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண் தஞ்சமடைந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. மனுவைக் கொடுத்தால் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நகைக்கு போலீஸ்தான் ஒரே வழி என்றும் இல்லை. உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சொந்தச் சொத்து, மாமியார் பீரோவில் இருந்தாலும் அவர்கள் வெறும் காவலாளிகள்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், நீங்கள் இருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே நகையைத் திருப்பித் தர உத்தரவு கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனுவை எழுதவே உதவுவார். உங்கள் நிலைமையில் ஸ்டேஷனைவிட இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

நிரூபிப்பதுதான் பாடு. கல்யாணச் சீர்வரிசையைப் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-லிருந்து விதி இருக்கிறது. நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்ததில்லை. நகைக்கடை பில், அடகு வைத்து மீட்ட ரசீது, கல்யாண ஆல்பம், மொய் நோட்டு, இவைதான் நம்மிடம் இருப்பவை. ஆல்பத்தில் ஒவ்வொரு நகையும் தெரிகிற படமாகப் பார்த்துத் தனியே எடுத்து வையுங்கள். ஆரம், நெக்லஸ், வளையல் எத்தனை ஜோடி, பவுன் கணக்கு. தாய்மாமன் போட்ட மோதிரம் மொய் நோட்டில் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்காதீர்கள், நோட்டோடு கொண்டு வாருங்கள்.

கடைசியாக, எந்த ஊர் கோர்ட் என்ற விஷயம். அவர் புதுச்சேரியில் போட்டிருக்கிறார். வேறு மாநிலம் என்றால் வழக்கை மாற்ற டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் புதுச்சேரி கோர்ட்டுகளும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் இருக்கின்றன. அதனால் சென்னையிலேயே மாற்றல் மனு போடலாம். கைக்குழந்தையோடு இருக்கிற மனைவியின் சௌகரியத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது பொதுவான போக்கு. ஆனால் உங்களுக்கு இது அவசியமா? பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம்தான். மாற்றல் மனுவுக்கு ஆகும் செலவையும் மாதங்களையும் பார்த்தால், முதலில் அங்கேயே ஆஜராகி, ஜீவனாம்ச மனுவை இங்கே போட்டுவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள் என்பேன். அலைச்சல் தாங்கவில்லை என்றால் அப்போது கேட்போம்.

புதுச்சேரி மாப்பிள்ளை என்றால் நான் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. அவர்கள் வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தா யாராவது உண்டா, அல்லது பிரெஞ்சுக் காலத்தில் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பெயர் மாற்றிக்கொண்ட ரெனோன்சான் குடும்பமா என்று. 1881-ம் வருஷத்து ஆணைப்படி அப்படித் துறந்தவர்களின் வாரிசுகளுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, 1963-ல் சட்டத்தை அங்கே கொண்டுவரும்போதே விலக்கிவிட்டார்கள். சம்மனில் இந்து திருமணச் சட்டம் என்று இருப்பதால் உங்களுக்கு இது இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கவலை தெரிகிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வக்கீலை நியமித்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஆதார், கல்யாணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை, குழந்தையின் பிறப்புச் சான்று, சம்மனோடு வந்த மனு நகல், இத்தனையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாய்தா தேதி என்று கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கிற தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கோர்ட் இருக்காது. அப்பா வாய்மொழியாகச் சொன்னதை எழுதினீர்களோ என்னவோ, உறையைப் பிரித்து சம்மனிலேயே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.